குறிஞ்சி நகர் நகர்ந்த கதை

ஒரே ஒரு ஊரிலே என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் எங்கள் குறிஞ்சி நகர் அந்தக் கோடையில் ஒரே ஒரு ஊரிலே இருக்கவில்லை. பல் துலக்கும்போது ஒரு ஊரிலும், சோற்றுக்கு ரசம் ஊற்றும்போது அடுத்த ஊரிலும், கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது மூன்றாவது ஊரிலும் இருந்தது. ஆகவே அது எங்கே கிளம்பியதோ அங்கேயிருந்து சொல்கிறேன்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, பருத்தியும் கருவேலமும் தவிர வேறெதுவும் தலைதூக்காத கரிசல் பொட்டலில், மலையென்று சொல்ல ஒரு மண்மேடுகூட இல்லாத இடத்தில் பிளாட் போட்டு விற்ற புண்ணியவான் அதற்குக் குறிஞ்சி நகர் என்று பெயர் வைத்தார். நாலு தெரு, முக்கில் ஒரு பிள்ளையார், ஒரு மருந்துக்கடை, தகரக் கூரையோடு ஒரு கிளை நூலகம், அவ்வளவுதான் நகர். நுழைவாயில் பலகையில் பச்சை எழுத்தில் ‘குறிஞ்சி நகர்’ என்று எழுதியிருந்ததை நாங்கள் எல்லோரும் பெயராகத்தான் படித்தோம். அதைக் கட்டளையாகவும் படிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தமிழாசிரியரான என் அப்பா உட்பட.

அப்பா தமிழாசிரியர் என்பதை என் பெயரே கூவிச் சொல்லும். நான் நப்பின்னை. பதினொன்றாம் வகுப்பு. எனக்கு எல்லார் குரலும் வரும். பால்காரர் குரலில் காலங்காத்தாலே ‘பா...ல்’ என்று இழுத்தால் நாலு தெருப் பெண்களும் தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்பார்கள். தலைமையாசிரியை குரலில் ஒருமுறை மழை விடுமுறை விட்டேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஆனாலும் பாதிப் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போய்விட்டது. ‘இந்தப் பிள்ளை தொண்டைக்குள்ள ஒரு சந்தையே இருக்கு’ என்பாள் அம்மா, அதையும் அம்மா குரலிலேயே நான் திருப்பிச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். எந்தப் புத்தகமானாலும் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், அந்த நாலும் எனக்கு மனப்பாடம். நூலகர் ஹபீபா அக்காவுக்கு எல்லாமே அருமை. அட்டை கிழிந்த பஞ்சாங்கத்தைக் கொடுத்தாலும் ‘அருமை’ என்று மார்போடு அணைத்துக்கொள்வார். அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற குருவையா மாமாவுக்கு எந்தக் கதையிலும் ரூட் தப்பு. ‘ஏம்ப்பா, அருப்புக்கோட்டைல ஏறுனவன் ரெண்டே வரில மதுரைல இறங்குறானே, நடுவுல காரியாபட்டிய எவன் தூக்கிட்டுப் போனான்?’ என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா சீனியம்மாள், கதையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள், எழுதியவன் நல்லாயிருக்கணும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கடைசியாக எழுந்திருப்பவர் மருந்துக்கடை தெய்வசிகாமணி அண்ணாச்சி. எழுந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியில் துடைப்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு கசப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல ஒரே ஒரு சொல்லை விடுவார்: ‘ந...க...ர...வில்லை.’

காதல் கதையா, நகரவில்லை. துப்பறியும் கதையா, நகரவில்லை. நான் வாசகர் வட்டத்துக்குப் பாவாடை சட்டையோடு வந்த காலத்திலிருந்து ஒரு கதையாவது அவருக்கு நகர்ந்ததில்லை. வேறு யாரும் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை, அது அவருடைய கடைச்சரக்கு.

இப்படி இருக்கையில்தான் பூபாளன் அந்தப் புத்தகத்தை எழுதினார். பூபாளன் யாரென்று பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்கள் சொல்லும்: அட்டையில் ஒரு கத்தி, ஒரு ரோஜா, பயந்துபோன ஒரு பெண். அந்த மனிதர் திடீரென்று கத்தியையும் ரோஜாவையும் கீழே போட்டுவிட்டு, பயணங்களைப் பற்றியே சிறுகதைகளாக எழுதி ‘வழியில் இறங்கிக்கொள்கிறேன்’ என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். ஹபீபா அக்கா கடிதம் போட, வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நேரில் கேட்க அவரே எங்கள் நகருக்கு வருவதாக ஏற்பாடாயிற்று.

அந்தப் புத்தகத்தை அத்தை படித்த மாதிரி யாரும் படிக்கவில்லை. ஏனென்றால் அத்தைக்குப் பயணம் ஆகாது. ஓடுகிற பஸ் மட்டுமில்லை, நிற்கிற பஸ்ஸே ஆகாது. தூரத்தில் ஹாரன் கேட்டாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுவாள். ஆட்டோ ஆகாது, ரயில் ஆகாது, மாட்டுவண்டி ஆகாது, தேர்த் திருவிழாவில் தேர் அசைவதைப் பார்த்தே மயங்கி விழுந்தவள். அவளுடைய ஒரே மகள் சந்தனமாரி, என் மதினி, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மதினியின் கணவர் சுடலைமுத்து அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், மாமியார் இல்லாத வீடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? வளைகாப்பு முடித்து அழைத்துவர நாள் குறித்தபோது, தூத்துக்குடி டாக்டரம்மா, பிள்ளை இருக்கிற இருப்புக்கு இவள் வண்டி ஏறவே கூடாது, தெருவைத் தாண்டினால் போதும், ஊரைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மகள் வர முடியாது, தாய் போக முடியாது. பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆக்கி மடித்து வைத்திருந்தாள் அத்தை, பிள்ளையைச் சுற்ற. சுக்கும் திப்பிலியும் இடித்து லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்திருந்தாள். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தினமும் போனில் மதினி ‘நான் பாத்துக்கிறேம்மா’ என்பாள், அத்தை ‘ஆமாத்தா’ என்பாள், போனை வைத்ததும் அந்தச் சேலைகளை மறுபடி துவைக்க எடுப்பாள்.

பூபாளன் வந்த ஞாயிற்றுக்கிழமை நகரே கல்யாணக் களையாக இருந்தது. ஹபீபா அக்கா மைக் செட் சொல்லியிருந்தார். நாலு தெரு முக்கிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, நூலகத்தில் ஒருவர் தும்மினால் நாலு தெருவும் நூறு வயசு சொல்லும்படி செய்திருந்தார்கள். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், அதுவரை வாசகர் வட்டத்தின் பேச்சு ஒருநாளும் நூலகத்தின் தகரக் கூரையைத் தாண்டியதில்லை.

பூபாளன் ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இத்தனை கொலை செய்த மனிதருக்கு இப்படி வியர்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

‘சிறுகதை எனக்குப் புதுசு,’ என்றார். ‘நல்லதோ கெட்டதோ, மறைக்காமச் சொல்லுங்க.’

குருவையா மாமா முதலில் மைக்கைப் பிடித்தார். ‘தப்பான பஸ்ஸுல ஏறி, தெரியாத ஊருல இறங்கி, தெரியாத கல்யாணத்துல சாப்பிட்டு, கடைசில பொண்ணுக்கு அண்ணன் முறை செய்யுறானே ஒருத்தன், அந்தக் கதை. எந்தக் கண்டக்டரும் தப்பா ஏறுனவனை அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்ருவாரு. ரூட்டு தப்பு. படிச்சுட்டு நான் அழுதேன், அது வேற விஷயம். ரூட்டு தப்பு தப்புதான்.’

ஹபீபா அக்கா அருமை என்றார்.

அத்தை மைக்கைத் தொடப் பயந்து, அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: ‘ரயில்ல ஒருத்தி பலாப்பழம் கொண்டு போவாளே தம்பி, பொட்டி முழுக்க வாசம் வந்து, சண்டை போட்டவுகளெல்லாம் சுளைக்குக் கை நீட்டுவாகளே. அதைப் படிக்கையில நானும் அந்த ரயில்ல போனேன். முழுசாப் போனேன். எனக்கு வாந்தி வரல.’

பூபாளனுக்கு இது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது, அத்தை வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கூட்டம் கைதட்டியது.

அடுத்து அண்ணாச்சி பேச வேண்டும். அவரைக் காணோம். கடைக்குள் கடைசிக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார்கள். மைக் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் மைக்கையும் என்னையும் ஒரே அறையில் விட்டது அவர்கள் தப்பு. நான் எழுந்தேன், இல்லாத கண்ணாடியைக் கழற்றினேன், பாவாடை தாவணியின் நுனியில் துடைத்தேன், செருமினேன், அண்ணாச்சி குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்: ‘ந...க...ர...வில்லை.’

நாலு தெரு முக்கிலும் அது முழங்கியது. நகரவில்லை, நகரவில்லை, நகரவில்லை, நகரவில்லை.

கூட்டம் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவர் ஒரு மூச்சை இழுத்துப் பிடிப்பாரே, அப்படிக் காலடியில் தரை ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தது. பிறகு பிள்ளையாரும் மருந்துக்கடையும் நாலு தெருவும், கொடியில் காய்ந்த துணிகளும், அடுப்பில் கொதித்த உலைகளும், கட்டிலில் தூங்கிய குழந்தைகளும், வாசலில் போட்ட கோலங்களும் கோடு கலையாமல், ஈரச்சேலையைத் தரையில் மெல்ல இழுப்பதுபோலக் குறிஞ்சி நகர் நகரத் தொடங்கியது. அவ்வளவு நாளும் தகரக் கூரைக்குள் யாரோ யாரையோ சொல்கிறார்கள் என்று இருந்திருக்கிறது பாவம். இப்போது நாலு முக்கிலும் மைக் வைத்து, வெளியூர் ஆள் முன்னால், நகரவில்லை நகரவில்லை என்று மானத்தை வாங்கினால் எந்த நகருக்குத்தான் ரோஷம் வராது?

ஜன்னல் வழியே பஸ் நிறுத்தமும் அதில் காத்திருந்த இரண்டு பேரும் பின்னால் போனார்கள். யாரும் கத்தவில்லை. கத்த வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி புத்தகத்தை விரலிடுக்கில் வைத்தபடி, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

‘எவன் சொன்னான் நகரலைன்னு? ஏ பிள்ளே, நீயா? என் குரல்ல பொய் சொல்லுதியா? நகருதுங்கேன்! வாழ்க்கைல மொத தடவையா ஒரு கதை நகருது! என்னமா நகருது!’

அந்தப் பாராட்டைக் கேட்ட நகர், மனம் குளிர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பருத்திக்காட்டின் மேல் நின்றோம். ஒரு காய்கூடச் சாயவில்லை.

குருவையா மாமா வெளியே போய் வெயிலைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், திரும்பி வந்து அறிவித்தார். ‘தெக்க பாத்துத் திரும்பி நிக்குது. தூத்துக்குடி ரூட்டு.’

அத்தை எழுந்தாள். மடியில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியதை அவள் கவனிக்கவில்லை. நகர் அவ்வளவு தூரம் வந்திருந்தது, அவளுக்குத் தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை. வீட்டோடு போகிறவளுக்கு எப்படிச் சுற்றும்? பஸ் படிக்கட்டில் நின்று கேட்பவளைப் போல, வாழ்க்கையில் ஒருநாளும் கேட்டிராத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

‘குருவையா, இது தூத்துக்குடி போகுமா?’

அவ்வளவுதான், நகர் முழுவதும் ஒரே பேச்சாயிற்று. மகள் தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் என்ன, தாய்வீடு மகளிடம் போகட்டும். அண்ணாச்சியைச் சூழ்ந்துகொண்டு, மைக்கில் ஒரு வார்த்தை, உங்கள் வார்த்தை, நகரவில்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள்.

‘சொல்ல மாட்டேன்,’ என்றார் அண்ணாச்சி. ‘இத்தனை வருஷம் நகராததை நகரலைன்னு சொன்னேன். இப்ப ஒண்ணு நகர்ந்திருக்கு. அதைப் போயி நகரலைன்னு சொன்னா, இதுக்கு முன்ன சொன்னதும் பொய்யாயிரும்.’

‘அண்ணாச்சி, என் பிள்ளைக்காக,’ என்றாள் அத்தை.

அண்ணாச்சியின் கண் கலங்கியது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்காரர், மருந்துச் சீட்டில் இல்லாததைக் கொடுக்க மாட்டார். ‘நான் சொல்ல மாட்டேன் தாயி,’ என்றவர், என்னை ஓரக்கண்ணால் பார்த்து, ‘ஆனா எனக்குக் காது கொஞ்சம் மந்தம். என் குரல்ல வேற எவ சொன்னாலும் எனக்குக் கேக்காது’ என்று பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்.

அப்படியாக நான் டிரைவர் ஆனேன். நான் அண்ணாச்சி குரலில் குறை சொல்லச் சொல்ல நகர் போகும். நிறுத்த வேண்டுமென்றால் ஹபீபா அக்கா மைக்கில் ‘அருமை’ என்பார், அதுதான் பிரேக். குருவையா மாமா முன்தெரு முக்கில் பிள்ளையார் பக்கத்தில் நாற்காலி போட்டு, ‘பள்ளம் வருது, குறையைக் குறை! மேடு வருது, நல்லாத் திட்டு!’ என்று வழி சொன்னார். எருமை நடக்கிற வேகத்தில் பந்தல்குடியைக் கடந்தோம், எட்டயபுரத்தைக் கடந்தோம், கம்மங்காட்டின் மேல் கம்பு சாயாமலும் கண்மாயின் மேல் கொக்கு பறக்காமலும் கடந்தோம். கரண்ட் எப்படி வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, வந்தது. தபால்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்து, ‘ஒரு எடத்துல நிக்க மாட்டீகளா’ என்று திட்டிக்கொண்டே கடிதம் கொடுத்தார். பால்காரர் மட்டும் ஊருக்கு ஊர் மாறினார், நான் ஊருக்கு ஊர் ஒரு புதுப் பால்காரர் குரலைக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் வடக்கே ரொம்பத் தூரத்தில் நின்றுவிட்டது. அதை நினைத்து நான் வருத்தப்பட்டதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக்காரர் கையை நீட்டி மறித்தார்.

‘இது என்ன வண்டி?’

‘வண்டி இல்ல தம்பி, வீடு,’ என்றார் குருவையா மாமா.

‘வீடு எதுக்கு ரோட்டுல வருது?’

‘இலக்கியக் கூட்டம் நடக்குது. உக்காந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறீகளா?’

அவர் உடனே கம்பியைத் தூக்கிவிட்டார்.

ஆனால் மற்றவர்கள் வந்தார்கள். நகர் நின்ற இடமெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் ஏறிவந்து, தெருக்களைச் சுற்றிப் பார்த்து, எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, நூலகத்தில் அந்தப் புத்தகத்தை வாங்கி நின்றபடியே ஒரு கதை படித்து, மைக்கில் ஒரு கருத்தும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் ஒரு பெண், ‘நான் தினம் ரெண்டு பஸ் மாறுறேன், அதுல கதை இருக்குன்னு இவரு சொல்லித்தான் தெரியுது’ என்றாள். ஆட்டுக் கிடை போடும் ஒரு பெரியவர், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘எல்லாம் சரி, போற இடத்துல ஆட்டுக்குத் தண்ணி இருந்துச்சான்னு சொல்லவே இல்லையே’ என்று குறைப்பட்டார். குருவையா மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் கதைக்கு என் வாயால் பகலெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பூபாளன் முதல் நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் எனக்கே எடுத்துக் கொடுத்தார்: ‘பாப்பா, நாலாவது கதையில அந்த வர்ணனை ரொம்ப நீளம், அதைப் பிடி, நல்லா ஓடும்.’

அப்படியே போயிருக்கலாம். ஆனால் உப்பளங்கள் தொடங்கிய இடத்தில், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கொக்குக் கழுத்தோடு தெரிகிற இடத்தில், நான் ‘நகரவில்லை’ என்றேன், நகர் நின்றுவிட்டது. மறுபடி சொன்னேன். தகரக் கூரைகள் கிலுகிலுவென்று அதிர்ந்தன, ஜன்னல் கம்பிகள் நடுங்கின. பயந்துபோய்ப் பிள்ளையாரைப் பிடித்துக்கொண்ட குருவையா மாமா சற்று நேரம் உற்றுக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

‘ஏ பிள்ளே, இது சிரிக்குது.’

சிரிக்காதா? கரிசலிலிருந்து உப்பளம்வரை வந்துவிட்ட நகரைப் பார்த்து நகரவில்லை என்றால்? பொய்க்கு ரோஷப்பட அதற்கென்ன பைத்தியமா? நான் இருமல் வரும்வரை கத்தினேன். அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததே தவிர ஓர் அடி வைக்கவில்லை.

அப்போதுதான் அத்தையின் போன் அடித்தது. சுடலைமுத்து அண்ணன். மதினிக்கு வலி எடுத்துவிட்டது. டாக்டரம்மா எதிர் ஆஸ்பத்திரிதான், வந்து பார்த்தாயிற்று, இன்னும் நேரமிருக்கிறதாம், ஆனால் மதினி அம்மா அம்மா என்கிறாளாம்.

அத்தை துணிமூட்டையையும் லேகிய டப்பாவையும் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினாள். ஓர் ஆட்டோவை மறித்தாள், ஏறினாள், கம்பியைப் பிடித்துக் கண்ணை இறுக மூடினாள். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பக்கூட இல்லை, கிளப்பக் கையைக் கொண்டுபோனார், அதற்குள் அத்தை கண் செருகிச் சாய்ந்துவிட்டாள். நானும் அப்பாவும் தாங்கி வந்து உட்காரவைத்தோம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்து, ‘போயிட்டமா?’ என்று கேட்டாள்.

பூபாளன் எழுந்து நேரே மருந்துக்கடைக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். அண்ணாச்சியின் காதிலிருந்து பஞ்சை அவரே எடுத்தார்.

‘ஐயா, நான் இருநூறு நாவலுக்கு மேல எழுதிட்டேன். நல்லாயிருக்குன்னு சொல்லச் சொல்லி எல்லார்கிட்டயும் நின்னிருக்கேன். இன்னைக்கு உங்க கால்ல விழுந்து கேக்குறேன், என் புத்தகத்துல ஒரு குறை சொல்லுங்க. பொய் வேண்டாம். நெசமாவே ஒண்ணு இருக்கும். யோசிங்க.’

‘இல்லையே தம்பி,’ என்றார் அண்ணாச்சி பரிதாபமாக. ‘ரெண்டு தரம் படிச்சிட்டேனே.’

‘மூணாந்தரம் படிங்க!’

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தைப் பிரித்தார். கடைசிக் கதை. மகளோடு பேச்சு வார்த்தை இல்லாத ஒரு தாய், கோபத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறி மகள் ஊருக்குப் போகிறாள், போகப் போக மூட்டை இலேசாகிக்கொண்டே வருகிறது, கடைசியில் மகள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அண்ணாச்சி உதடு அசைய வாசித்தார். கடைசிப் பக்கம் வந்தது. கடைசி வரி வந்தது. பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் வெள்ளைத்தாள். மறுபடி முன்பக்கம் திருப்பினார். தலையைத் தூக்கி, அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் பழைய கசப்பு, எங்கள் எல்லோருக்கும் பழகிய அந்த அருமையான கசப்பு, மெல்ல மெல்ல ஊறி வருவதைப் பார்த்தேன்.

‘ஏன் தம்பி, தட்டுதா அவ. சரி. கதவு தொறந்துச்சா இல்லையா?’

‘அது... வாசகர் கற்பனைக்கு...’ என்றார் பூபாளன்.

‘என்னத்த கற்பனை? அவ மூணு பஸ் மாறி வந்திருக்கா, நீரு வாசல்ல நிக்க வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டீரு! உள்ள வான்னு ஒரு வார்த்தை உண்டா? ஒரு செம்பு தண்ணி உண்டா? இம்புட்டு தூரம் கூட்டியாந்துட்டு கடைசி எட்டு வைக்கையில கால ஒடிச்சுப் போட்டுட்டீரே!’ அவர் நூலகத்துக்கு நடந்தார், நடக்க நடக்கக் கோபம் ஏறியது, மைக்கைப் பிடித்தார், செருமினார், அது எனக்கு ஒருநாளும் வராது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குரல் வரும், அந்தச் செருமலுக்குள் இருந்த வலி வராது.

‘கடைசி எட்டு,’ என்றார் அண்ணாச்சி. ‘ந...க...ர...வில்லை!’

குறிஞ்சி நகர் பாய்ந்தது. எருமையாக வந்தது கன்றுக்குட்டியாகப் போயிற்று. உப்புக் குவியல்களின் மேல் உப்பு சிந்தாமல், பாலத்தின் மேல், பஜாரின் மேல், மக்ரூன் கடைகளின் வாசம் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேற, தெருக்களெல்லாம் தாவணி மடிப்பைப்போல ஒதுங்கி வழிவிட, ‘ஏ மக்கா, ஒரு ஊரு போகுது பாரு’ என்று பிள்ளைகள் பின்னால் ஓடிவர, போய் நின்றது. குருவையா மாமா அதன்பிறகு அந்த நிறுத்தத்தைப் பற்றிப் பேசாத நாளில்லை. அத்தை வீட்டு வாசலுக்கும் மதினி வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு கோலம் போடுகிற இடம்தான் இருந்தது.

அத்தை இறங்கினாள். மதினி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அத்தை கையைத் தூக்கினாள். பூபாளன் என் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. மதினி நிலையைப் பிடித்தபடி, வியர்த்து, தலை கலைந்து நின்றாள். தாயைப் பார்த்தாள். தாயின் பின்னால் அத்தை வீட்டுப் பச்சை ஜன்னலையும், எங்கள் வீட்டையும், பிள்ளையாரையும், மருந்துக்கடையையும் பார்த்தாள். இப்படியெல்லாம் வருவீர்கள் என்று தெரியும் என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டாள்.

‘ஏம்மா இம்புட்டு நேரம்?’ என்றாள்.

‘வழியில சிரிச்சுக்கிட்டு நின்னுருச்சுத்தா,’ என்றாள் அத்தை, மகளைத் தோளில் தாங்கி, தெருவைத் தாண்டி, தாய்வீட்டுக்குள் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மாவும் நர்ஸும் நடந்தே வந்தார்கள். விளக்கு வைப்பதற்கு முன் பெண் பிள்ளை பிறந்தது. அழுத அழுகையில் நாலு ஸ்பீக்கரும் கூசின; எனக்கு இன்னும் அந்தக் குரல் பிடிபடவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கொஞ்ச நாள் தூத்துக்குடியில்தான் இருந்தோம். எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்குக் கடற்காற்று பிடித்துவிட்டது, தபால்காரருக்கு மீன்குழம்பு பிடித்துவிட்டது. பூபாளன் நூலகத்தில் உட்கார்ந்து கடைசிக் கதைக்கு ஒரு வரி சேர்த்தார். ‘ஏம்மா இம்புட்டு நேரம்?’ என்பதுதான் அது, மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று நகரே அத்தை வீட்டில் கூடியது. அண்ணாச்சி கடைசியாக வந்தார். தொட்டிலில் குனிந்தார். பிள்ளை பூப்போன்ற பருத்திச் சேலைக்குள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். குருவையா மாமா தூணைப் பிடித்துக்கொண்டார். செருமினார். நான் பாய்ந்தேன், அவர் வாயைப் பொத்த, ஆனால் பழக்கம் என்னைவிட வேகமானது.

‘அழகாத்தான் இருக்கா,’ என்றார். ‘ஆனா இன்னும் நகரவில்லையே?’

பிள்ளை காலை ஓர் உதை உதைத்தது. தொட்டில் ஆடியது. தொட்டிலோடு சேர்ந்து வீடும், வீட்டோடு தெருவும், தெருவோடு நகரும் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தன.

‘வடக்க பாத்துத் திரும்புதுடோய்!’ என்று கத்தினார் குருவையா மாமா.

பெயர் வைக்கச் சர்க்கரை வாங்கக் கடைக்குப் போயிருந்த சுடலைமுத்து அண்ணன் திரும்பி வந்தபோது, பெண்டாட்டியும் பிள்ளையும் மாமியாரும் ஊரோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு காலில் செருப்போடு, கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு பின்னாலேயே ஓடி வந்தார். ‘நிறுத்துங்க! ஏ மாமா, நிறுத்துங்க!’

ஹபீபா அக்கா மைக்குக்கு ஓடினார். மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டி வைத்திருந்தார். ஆகவே நாங்களே, நாலு தெருவும், ஜன்னல் ஜன்னலாக, மொட்டைமாடி மொட்டைமாடியாக, தொண்டை கிழியக் கத்தினோம்: அருமை! அருமை! என்னமா நகருது! இப்படி ஒரு நகரு உண்டா! பூபாளன் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். நான் என் குரலில்தான் கத்தினேன், வேறெதையும் எடுக்க நேரமில்லை.

நகர் வெட்கப்பட்டு வேகத்தைக் குறைத்தது. அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து, அத்தை நீட்டிய கையைப் பிடித்து வாசற்படியில் ஏறினார். ஏறியதும் சர்க்கரைப் பொட்டலம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், பின்னால் போகிற கடலைப் பார்த்தார், பிறகு குருவையா மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

‘மாமா, இது அருப்புக்கோட்டை போகுமா?’